ஃபேமிலி மெடிசின் படிக்கிற டாக்டர் எப்போ ஃபேமிலி டாக்டர் ஆகறாங்க?

எம்பிபிஎஸ்ஸுக்கு அப்புறம் மூணு வருஷம் டிஎன்பி (தேசிய போர்டு நடத்தற பிஜி படிப்பு) ஃபேமிலி மெடிசின் முடிச்சுட்டு வர்ற ஒருத்தர்கிட்ட "நீங்க என்ன ஸ்பெஷலிஸ்ட்"னு கேட்டுப் பாருங்க. ஆர்த்தோ படிச்சவரா இருந்தா "எலும்பு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவார். இவங்க மட்டும் "நான் பிசிஷியன் இல்ல ஆனா சுகர் பிரஷர் எல்லாம் பாப்பேன், குழந்தைங்க டாக்டர் இல்ல ஆனா குழந்தைங்களையும் பாப்பேன், சர்ஜன் இல்ல ஆனா தையல் போடுவேன் கட்டி கீறுவேன்"னு ஆரம்பிப்பாங்க, கேட்டவர் தலையாட்டிட்டு "ஓ, அப்போ எம்பிபிஎஸ் தானா"ன்னு முடிச்சுடுவார். தான் யாருங்கறத தான் யார் இல்லங்கறத வச்சே சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நான் பெங்களூர்ல அல்சூர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல ஃபேமிலி டாக்டரா இருக்கேன், ட்ரெய்னிங்ல இருக்கற பசங்க பொண்ணுங்க சில பேர் எங்ககிட்ட வந்து உக்காந்து பேஷண்ட் பாப்பாங்க. அவங்களைப் பாத்துப் பாத்து எனக்கு ஒண்ணு தெளிவா தெரிஞ்சிருக்கு, அவங்களுக்கு பாடம் போதாம இல்ல, மார்க்கும் குறைச்சல் இல்ல, "நான் ஒரு ஃபேமிலி டாக்டர்"னு நிமிர்ந்து சொல்ற அந்த எண்ணம் உள்ளுக்குள்ள வளர்றதுக்கு நாம இடமே கொடுக்கல.

இதை மருத்துவக் கல்வில ப்ரொஃபெஷனல் ஐடென்டிட்டின்னு சொல்வாங்க. ரொம்ப பழைய யோசனை தான். 1957லயே ராபர்ட் மெர்ட்டன்னு அமெரிக்க சமூகவியலாளர், மெடிக்கல் காலேஜோட வேலை அறிவையும் கைத்திறமையையும் கொடுக்கறதோட முடியல, வர்ற பையன் டாக்டர் மாதிரி யோசிச்சு டாக்டர் மாதிரி நடந்து டாக்டர் மாதிரி உணர்ற அளவுக்கு மாறணும்னு எழுதினார். அப்புறம் 1990ல ஜார்ஜ் மில்லர் ஒரு பிரமிட் போட்டார், டாக்டருக்குப் படிச்ச எல்லாரும் எங்கயாவது ஒரு ஸ்லைட்ல அதைப் பாத்திருப்பாங்க. கீழ்ப்படில தெரியும், அடுத்து எப்படின்னு தெரியும், அடுத்து செஞ்சு காட்டுவான், உச்சில நிஜமாவே செய்வான். 2016ல கனடால மெக்கில் யுனிவர்சிட்டில இருந்த ரிச்சர்ட் க்ரூஸ், சில்வியா க்ரூஸ் தம்பதியும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் அந்த உச்சிக்கு மேல இன்னொரு படி வச்சாங்க, செய்யறதுக்கும் மேல "ஆகறது". யாரும் பாக்காதப்பவும் ஒருத்தர் சரியா நடந்துக்கணும்னா அது அவரோட வேலையா மட்டும் இருந்தா போதாது, அவரே அதுவா ஆயிருக்கணும்ங்கறது அவங்க வாதம். எனக்கு இதுல முழு உடன்பாடு, ஏன்னா கிளினிக்ல சாயங்காலம் எட்டரை மணிக்கு முப்பத்தஞ்சாவது பேஷண்ட்டா வர்ற தலைவலிக்காரர்கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி கேக்கறதா வேண்டாமாங்கறத எந்த கைட்லைனும் முடிவு பண்றதில்ல.

சரி, அப்படி ஆகறது எப்படி நடக்குது? லேவ், வெங்கர்னு ரெண்டு பேர் 1991ல சொன்னது ரொம்ப சிம்பிளான விஷயம், எந்தத் தொழிலா இருந்தாலும் புதுசா வர்றவங்க ஓரத்துல நின்னு சின்ன வேலைல ஆரம்பிச்சு, அந்தக் கூட்டத்தோட பேச்சு, பழக்கம், கோபம், பெருமை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு மெல்ல மெல்ல நடுவுக்கு வர்றாங்க. சர்ஜரி படிக்கிற பையனைப் பாருங்க, முதல் வருஷம் ரிட்ராக்டர் பிடிப்பான், மூணாவது வருஷம் அவனே ஓபன் பண்ணுவான், அவனுக்கு மேல சீனியர், அவருக்கு மேல சீஃப், எல்லாரும் சர்ஜன். தான் என்னவா ஆகப் போறோம்ங்கறது தினமும் கண்ணெதிர்ல நடமாடும். ஃபேமிலி மெடிசின் ட்ரெய்னிக்கு அது கிடையாது. மெடிசின்ல கொஞ்ச மாசம், சர்ஜரில கொஞ்ச மாசம், பீடியாட்ரிக்ஸ், பிரசவம் பாக்கற ஓபிஜி, ஆர்த்தோ, ஈஎன்டி, கண், ஸ்கின், சைக்கியாட்ரி, எமர்ஜென்சி, இப்படியே சுத்திக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் விருந்தாளி, இவங்க பேர் அங்க நர்ஸுக்கு மனசுல பதியறதுக்குள்ள போஸ்டிங் முடிஞ்சிடும்.

ரவுண்ட்ஸ் எப்படி நடக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய் சொல்றேன். காலைல எட்டு மணி, யூனிட் சீஃப் முன்னாடி, பின்னாடி அவரோட சொந்த பிஜிங்க, அதுக்குப் பின்னாடி கேஸ் ஷீட் கட்டைத் தூக்கிக்கிட்டு நம்ம ட்ரெய்னி. பெட் பக்கத்துல டிஸ்கஷன் நடக்கும்போது கேள்வி சொந்த பிஜிங்களுக்குத்தான் போகும். சுவாரஸ்யமான ப்ரொசீஜர் வந்தா "நீ ஃபேமிலி மெடிசின் தானே, உனக்கு இது தேவைப்படாது, அந்த டிஸ்சார்ஜ் சம்மரிய முடிச்சுடு"ன்னு சொல்லிடுவாங்க. கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, தன்னோட பிஜிக்கு கை பழகணும்ங்கற அக்கறை தான். ஆனா அதே வார்த்தைய ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் கேட்டா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்? எங்க ட்ரெய்னி ஒருத்தங்க ஒரு ஆஸ்பத்திரில ஆறு மாசம் இப்படி டிஸ்சார்ஜ் சம்மரியா எழுதிட்டு வந்து, "மேடம், எனக்கு எல்லாம் பாதி பாதி தான் தெரியும்"னு சொன்னாங்க. நல்லா படிக்கிற பொண்ணு. எல்லாத்தையும் அந்தந்த ஸ்பெஷலிஸ்ட்டோட அளவுகோல்ல அளந்தா பாதின்னுதான் தெரியும், வேற அளவுகோல் இருக்குன்னு அவங்களுக்கு யாருமே காட்டல. ஹாஃபர்ட்டின்னு ஒருத்தர் 1994ல இதைத்தான் மறைமுகப் பாடத்திட்டம்னு எழுதினார், சிலபஸ்ல இருக்காது, லெக்சர்ல வராது, ஆனா காரிடார்லயும் கேன்டீன்லயும் கண்ணசைவுலயும் மாணவனுக்குப் போய்ச் சேர்ந்துடும், யார் பெரியவங்க யார் சின்னவங்கன்னு.

இன்னொரு அளவுகோல்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு 1961க்குப் போகணும். கெர் வைட்ங்கற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு கணக்கு போட்டாங்க. ஆயிரம் பெரியவங்களை எடுத்துக்கிட்டா ஒரு மாசத்துல 750 பேருக்கு ஏதாவது ஒரு உடம்பு சரியில்லாம போகுது, அதுல 250 பேர் டாக்டர்கிட்ட போறாங்க, 9 பேர் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகறாங்க, 5 பேர் வேற டாக்டருக்கு ரெஃபர் ஆகறாங்க, யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போறது 1 ஆளு. ஒரே ஒரு ஆளு! நாப்பது வருஷம் கழிச்சு 2001ல லாரி க்ரீன் குழு மறுபடி பாத்தப்பவும் படம் பெருசா மாறல. இது அமெரிக்கா பிரிட்டன் கணக்கு, நம்ம ஊர் நம்பர் வேறயா இருக்கும், ஆனா வடிவம் இதே தான்னு தெருமுனை கிளினிக்ல உக்காந்திருக்கற யாரும் சொல்வாங்க. அந்த 1 ஆளை வச்சுத்தான் நாம எல்லா டாக்டரையும் உருவாக்கறோம். மிச்சம் 249 பேரைப் பாக்கப் போறவங்களையும் அந்த 1 ஆள் படுத்திருக்கற வார்டுல நிக்க வச்சு, "உனக்கு இது முழுசா தெரியல"ன்னு சொல்லி அனுப்பறோம்.

அந்த 249 பேரைப் பாக்கறது சுலபமான வேலையான்னா, இல்லவே இல்ல. டெங்கு சீசன்ல வார்டுல இருக்கற ட்ரெய்னி பாக்கறது ஆறாவது நாள் பேஷண்ட், பிளேட்லெட் இறங்கி, வயித்துல தண்ணி கோத்து, பேர் வச்ச வியாதியோட வந்திருப்பார், சேலைன் எவ்ளோ ஓட்டறதுங்கறது தான் அங்க கேள்வி. எங்க கிளினிக்குக்கு வர்றது ரெண்டாவது நாள் காய்ச்சல். அன்னிக்கு சாயங்காலம் வந்த காய்ச்சல்காரங்க எல்லாருக்கும் அதே உடம்பு வலி, அதே தலைவலி, ரத்தம் பாத்தா பாதி பேருக்கு எல்லாமே நார்மல். இதுல யாரு நாலாவது அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டதும் சாயப் போறாங்கன்னு யாருக்கும் தெரியாது. அங்க ஃபேமிலி டாக்டர் செய்யறது என்னன்னா, வலி மாத்திரை ஊசி எதையும் போடாம பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்"னு கெஞ்சறவர்கிட்ட ஏன் போடலன்னு பொறுமையா சொல்லி, "காய்ச்சல் விட்டுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, அன்னிக்குத்தான் ஜாஸ்தி கவனமா இருக்கணும், வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப அசதி, இதுல எது வந்தாலும் ராத்திரியா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, எதுவும் இல்லன்னாலும் நாளன்னிக்கு வந்து என்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்றது. அவர் திரும்பி வரணும்னா முதல் தடவையே அவருக்கு நம்பிக்கை வந்திருக்கணும். கூட அவரோட பொண்டாட்டி வந்திருந்தா அவங்களைப் பாத்தும் சொல்லணும், ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ கூப்பிடப் போறது அவங்க தான். நிச்சயமில்லாத நிலைமைல பதறாம நிக்கறது, நாளைக் கடத்தியே நோயைப் புரிஞ்சுக்கறது, தேவையில்லாத டெஸ்ட்டை வேண்டாம்னு சொல்ற தைரியம், இது ஒரு முழுத் திறமை, வேற எந்த டிபார்ட்மென்ட்டோட பாதியும் கிடையாது. ஆனா பக்கத்துல ஒரு ஃபேமிலி டாக்டர் இதைச் செய்யறதை நாள்கணக்கா பாக்காத ட்ரெய்னிக்கு இது திறமைன்னே தெரியாது, "ஒண்ணும் பண்ணாம அனுப்பிட்டோம்"னு நினைச்சுக்குவாங்க.

தொடர்ச்சியா ஒரே ஆளைப் பாக்கறதுல என்ன மாறுதுன்னும் சொல்லணும். ஐம்பது வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு, இந்திரா நகர்ல ரெண்டு வீட்ல சமையல் வேலை, சுகர் எட்டு வருஷமா. சுகரோட மூணு மாச சராசரி காட்டற எச்பிஏ1சி டெஸ்ட் 9க்கு கீழ இறங்கவே இல்ல, போற இடத்துல எல்லாம் மாத்திரைய ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. எங்க ட்ரெய்னி அவங்களை நாலு தடவை பாத்தாங்க, நாலாவது தடவை தான் "காலைல எத்தனை மணிக்கு சாப்பிடுவீங்க"ன்னு கேட்டாங்க, அந்தம்மா "சாப்பாடு எங்கம்மா, ரெண்டு வீட்டு வேலையும் முடிஞ்சு மூணு மணிக்குத்தான்"னாங்க. காலைல வெறும் டீயோட கிளிமிபிரைட்ங்கற சுகர் மாத்திரைய போட்டுட்டுப் போனா பதினோரு மணிக்கு சுகர் ரொம்ப இறங்கி வேர்த்து கை நடுங்கும், அடுப்பு முன்னாடி நின்னு மயக்கம் வந்தா வேலை போயிடும், அதனால அவங்களே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் மாத்திரை போட்டிருக்காங்க, எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல, திட்டுவாங்கன்னு. மாத்திரைய மூணு மணி சாப்பாட்டோட மாத்தி, டோஸைக் குறைச்சு, காலைல டீயோட சாப்பிட என்ன எடுத்துட்டுப் போக முடியும்னு பேசி முடிச்சாங்க. அடுத்த வாரம் அந்தம்மா மருமகளைக் கூட்டிட்டு வந்தாங்க, அவளுக்கு கல்யாணம் ஆகி மூணு வருஷம், குழந்தை இல்ல, வீட்ல பேச்சு. அதுக்கு அடுத்த மாசம் வீட்டுக்காரர் குடியைப் பத்தின பேச்சு வந்துச்சு. இதுக்குள்ள ட்ரெய்னிக்கு கண் டிபார்ட்மென்ட்ல போஸ்டிங் மாறிடுச்சு, ஆனா ஒரு நாள் மத்தியானம் எனக்கு போன் பண்ணி "மேடம், அந்தம்மா ரிப்போர்ட் வந்துச்சா, எவ்ளோ இருக்கு"ன்னு கேட்டாங்க. அவங்க ஃபேமிலி டாக்டர் ஆனது டிஎன்பி ரிசல்ட் வந்த அன்னிக்கு இல்ல, அந்த போன் பண்ண அன்னிக்குன்னு நான் நினைக்கறேன். கனடால 1968ல முதல் ஃபேமிலி மெடிசின் ப்ரொஃபசரா வந்த இயன் மெக்வின்னி இதைத்தான் இந்தத் துறைக்கே அடிப்படைன்னு சொன்னார். மத்த துறைங்க ஒரு உறுப்பையோ வியாதியையோ கருவியையோ சுத்தி உருவாச்சு, இது ஆளைச் சுத்தி உருவாச்சு, என்ன வியாதின்னு தெரியறதுக்கு முன்னாடியே ஆளை ஏத்துக்கறது.

இவ்ளோ முக்கியம்னா நம்ம நாட்டுல ஏன் இதுக்கு வேர் பிடிக்கல? கொஞ்சம் பின்னாடி போகணும். நாட்டோட சுகாதார நிலைமையைப் பாக்க 1943ல சர் ஜோசப் போர் (Bhore) தலைமைல போட்ட கமிட்டி 1946ல ரிப்போர்ட் கொடுத்துச்சு, நம்ம லட்சுமணசாமி முதலியாரும் அதுல மெம்பர். அப்போ நாட்டுல இருந்த டாக்டருங்கள்ல பெரும்பாலானவங்க எல்எம்பி மாதிரி, பட்டப்படிப்புக்குக் கீழ இருந்த லைசென்ஷியேட் படிப்பு படிச்சவங்க, ஊருக்குள்ள வைத்தியம் பாத்தவங்க. கமிட்டி அந்தப் படிப்பை நிறுத்தி ஒரே ஒரு விதமான டாக்டர், பட்டதாரி டாக்டர், அவர் சமூகத்துக்கான மருத்துவரா இருக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. நோக்கம் உயர்ந்தது. ஆனா அந்த சமூக மருத்துவரை உருவாக்கற வேலைய பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டுங்ககிட்ட கொடுத்துட்டோம், எம்பிபிஎஸ்ங்கறது பிஜி சீட்டுக்குப் போற வழில இருக்கற ஒரு ஸ்டேஷனா ஆயிடுச்சு. 2002 தேசிய சுகாதாரக் கொள்கைலயும் ஃபேமிலி மெடிசின் பிஜி இடத்தை ஏத்தணும்னு இருக்கு, 2017 கொள்கைலயும் எம்டி ஃபேமிலி மெடிசினைப் பரவலாக்கணும்னு இருக்கு. 2019ல வந்த புது எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாணவனோட இலக்கே "மக்களுக்கு முதல்ல கிடைக்கற டாக்டர்"னு எழுதி வச்சிருக்கு. ஆனா மெடிக்கல் காலேஜ்ல ஃபேமிலி மெடிசின் டிபார்ட்மென்ட் கட்டாயம் கிடையாது. அதாவது படிப்போட இலக்கா இருக்கற அந்த டாக்டரை, நாலரை வருஷத்துல ஒரு நாள்கூட மாணவன் ஆசிரியரா பாக்காமலே வெளிய வரலாம். கோழிக்கோடு அரசு மெடிக்கல் காலேஜ்ல எம்டி ஃபேமிலி மெடிசின் இருக்கு, வேலூர் சிஎம்சில தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, ஆனா நாடு பூரா பாத்தா டிஎன்பி வழியாத்தான் பெரும்பாலானவங்க வர்றாங்க, 2020ல இருந்து தேசிய போர்டு ரெண்டு வருஷ டிப்ளமாவும் ஆரம்பிச்சிருக்கு. படிச்சு முடிச்சு வெளிய வந்தா நிறைய மாநிலத்துல அரசு வேலைல இந்தப் படிப்புக்குன்னு ஒரு போஸ்ட் இல்ல. கேரளா மட்டும் 2017ல ஆர்த்ரம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களா மாத்த ஆரம்பிச்சுச்சு. போஸ்ட் இல்லாத படிப்பு படிச்சவங்களுக்கு தன்னைப் பத்தி உறுதியா ஒரு எண்ணம் வரணும்னா அது ரொம்ப கஷ்டம், அவங்க மன பலத்தோட பிரச்சனையா இதைப் பாக்கக்கூடாது.

நம்ம தமிழ் ஜனங்க மனசுல ஃபேமிலி டாக்டருக்கு ஒரு பெரிய இடம் இருக்கு, அதையும் சொல்லணும். வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன் 2018ல இறந்தப்பவும், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் 2020ல இறந்தப்பவும் அந்தந்த ஏரியாவே அழுதுச்சு, ரெண்டு பேரையும் அஞ்சு ரூபாய் டாக்டர்னு தான் ஊர் கூப்பிட்டுச்சு. நான் அவங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அதே நேரத்துல எனக்கு ஒரு ஆதங்கம், ஜனங்க அவங்களை நினைவு வச்சிருக்கறது அவங்க வாங்கின ஃபீஸால. தலைமுறை தலைமுறையா ஒரே தெருவைப் பாத்து, இந்த வீட்ல யாருக்கு என்ன வரும்னு தெரிஞ்சு வச்சிருந்த அந்த வைத்திய அறிவைப் பத்தி யாரும் எழுதல. "கைராசிக்காரர்"னு சொல்லிடறோம், அந்தக் கைராசிக்குப் பின்னாடி எவ்ளோ கவனிப்பும் ஞாபகமும் இருந்துச்சுன்னு கேக்கறதில்ல. இதனால படிக்கிற பசங்களுக்கு முன்னாடி ரெண்டே உருவம் தான் நிக்குது, ஒண்ணு காசு வாங்காத தியாகி, இன்னொண்ணு சீட்டு கிடைக்காம எம்பிபிஎஸ்ஸோட நின்னவர். நல்ல சம்பளத்தோட, மரியாதையோட, தன் வேலைல கெட்டிக்காரியா இருக்கற ஒரு ஃபேமிலி டாக்டர்ங்கற மூணாவது உருவம் கண்ணுக்குத் தெரியறதே இல்ல.

வீட்ல நடக்கறதும் சேர்ந்துக்கும். பிஜி முடிச்ச பொண்ணுகிட்ட அப்பா "எப்போம்மா மேல படிக்கப் போற"ன்னு கேக்கறார். வரன் பாக்க வர்றவங்க டிஎன்பின்னதும் முகம் மலர்ந்து, "எதுல"ன்னு கேட்டு பதில் வந்ததும் கொஞ்சம் யோசிக்கறாங்க. இந்தத் துறைக்கு நிறைய பெண்கள் வர்றாங்க, அவங்க எல்லாரும் நைட் டியூட்டி இல்லாம வீட்டைப் பாத்துக்க வசதின்னு தான் எடுத்தாங்கன்னு சொந்தக்காரங்களும் சொல்றாங்க, கூட வேலை செய்யற டாக்டருங்களும் சொல்றாங்க. சில பேருக்கு அது ஒரு காரணமா இருக்கலாம், அதுல தப்பே இல்ல, ஆனா ஆசைப்பட்டு எடுத்தவங்களையும் அந்த ஒரு வார்த்தைல அடைச்சுடறது எனக்குப் பொறுக்கல.

பெங்களூரோட நிலைமை தனியா ஒண்ணு. அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரே காலைல தமிழ்ல ஒருத்தர், தக்கினி உருதுல ஒருத்தர், கன்னடத்துல ஒருத்தர், தெலுங்குல ஒருத்தர்னு வருவாங்க, நாலு மொழில பேசிட்டு இங்கிலீஷ்ல எழுதணும். ஒயிட்ஃபீல்ட் பக்கம் போனா அபார்ட்மென்ட் கிளினிக், வர்றவங்க வாட்ச்ல ஹார்ட் ரேட்டும் கைல ஃபுல் பாடி செக்கப் ரிப்போர்ட்டுமா வந்து "எந்த ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. ஆனா இதே ஐடி குடும்பங்கள்ல சொந்த ஊரை விட்டு வந்து, சேலத்துலயோ மதுரைலயோ இருந்த அவங்க வீட்டு டாக்டரைத் தொலைச்சுட்டு, எட்டு ஸ்பெஷலிஸ்ட் ஃபைலோட அலையறவங்களும் நிறைய. அவங்க வீட்டுப் பெரியவருக்கு பதிமூணு மாத்திரை, எந்த மாத்திரை எதுக்குன்னு மொத்தமா பாக்க யாருமில்ல. அந்த ஃபைலை மேசைல பரப்பி, ஒவ்வொண்ணா கேட்டு, ரெண்டு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு போன் பண்ணி, அஞ்சு மாத்திரைய நிறுத்தற வேலைய ஒரு ட்ரெய்னி பக்கத்துல இருந்து பாத்தா போதும், தான் யாருன்னு அவங்களுக்கு யாரும் லெக்சர் எடுக்க வேண்டியதில்ல. அரசாங்கம் பக்கத்துல 2022 கடைசில இருந்து வார்டுக்கு ஒண்ணுங்கற கணக்குல "நம்ம கிளினிக்"ங்கற பேர்ல அரசு கிளினிக் திறந்தாங்க, நல்ல யோசனை, பெரும்பாலும் ஒப்பந்தத்துல எம்பிபிஎஸ் டாக்டர் தான். ஃபேமிலி மெடிசின் படிச்சவங்களை அங்க ஆசிரியரா வச்சு, ட்ரெய்னிகளை வாரத்துல சில நாள் உக்கார வச்சா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

வெளிநாட்ல இதை எப்படி சரி பண்ணாங்கன்னு பாத்தா வழி தெரியுது. பிரிட்டன்ல 1950ல காலிங்ஸ்ங்கறவர் ஜிபி (ஜெனரல் பிராக்டிஷனர், ஃபேமிலி டாக்டருக்கு அங்க அதான் பேர்) கிளினிக்குகளைச் சுத்திப் பாத்து நிலைமை மோசம்னு எழுதினார், ரெண்டே வருஷத்துல 1952ல ஜிபிங்க தங்களுக்குன்னு ஒரு காலேஜ் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அங்க ஜிபி ட்ரெய்னி மூணு வருஷத்துல நல்ல பகுதிய ஆஸ்பத்திரிக்கு வெளிய, ஜிபி கிளினிக்ல, பேர் சொல்லி ஒதுக்கின ஒரு ட்ரெய்னர் கூட இருந்து படிக்கறாங்க. அமெரிக்கால 1969ல தனி ஸ்பெஷாலிட்டியா ஏத்துக்கிட்டாங்க, ட்ரெய்னிக்கு முதல் வருஷத்துல இருந்தே சொந்த பேஷண்ட் லிஸ்ட், எந்த டிபார்ட்மென்ட் போஸ்டிங்ல இருந்தாலும் அந்த கிளினிக்குக்கு வந்தாகணும், ரொம்ப வருஷமா மூணு வருஷத்துல 1,650 பேஷண்ட் விசிட்னு கணக்கே வச்சிருந்தாங்க. இன்னொண்ணு, 1950கள்ல லண்டன்ல மைக்கேல் பாலிண்ட் ஆரம்பிச்ச குழு முறை. எட்டு பத்து டாக்டருங்க வட்டமா உக்காந்து, ஒருத்தர் தன் மனசைக் குடையற ஒரு பேஷண்டைப் பத்தி ஃபைல் பாக்காம சொல்லணும், அப்புறம் அவர் வாய மூடிக்கிட்டு பின்னாடி சாஞ்சுக்கணும், மத்தவங்க அந்த பேஷண்ட்டுக்கு எப்படி இருந்திருக்கும், அந்த டாக்டருக்கு எப்படி இருந்திருக்கும்னு பேசணும். என்ன டோஸ், என்ன டெஸ்ட்ங்கற பேச்சு அங்க கிடையாது. நாங்க சில பேர் சேர்ந்து மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை இப்படி உக்காரறோம். குடிச்சுட்டு வந்து தினமும் கத்தற ஒரு பேஷண்டைப் பத்தி ஒரு ட்ரெய்னி பேச ஆரம்பிச்சு, பாதில "எனக்கு எங்க மாமா ஞாபகம் வருது"ன்னு நிறுத்திட்டார். யாரும் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர், தனக்கும் அப்படி ஒரு பேஷண்ட் இருக்கறதா சொன்னார். அடுத்த மாசம் ரெண்டு பேரும் சீக்கிரமே வந்துட்டாங்க. தனியா வேலை செய்யப் போற துறைக்கு இந்த மாதிரி சக டாக்டருங்க கூட்டம் ரொம்பவே வேணும். 2010ல ஆரம்பிச்ச இந்திய ஃபேமிலி பிசிஷியன் அகாடமி, தெற்காசிய இளம் ஃபேமிலி டாக்டருங்களோட ஸ்பைஸ் ரூட் இயக்கம் இதெல்லாம் அதனால தான் முக்கியம், ஒரு மாநாட்ல முன்னூறு பேர் தன்னை மாதிரியே இருக்கறதைப் பாத்துட்டு வர்ற ட்ரெய்னியோட நடையே மாறிடுது.

இங்க செய்யறதுக்குத் தடை என்னன்னா பணமும் டியூட்டி லிஸ்ட்டும் தான். டிஎன்பி ட்ரெய்னிங்க தான் நிறைய ஆஸ்பத்திரில ராத்திரி வார்டை ஓட்டறாங்க, வாரத்துல ஒரு நாள் வெளிய கிளினிக்குக்கு அனுப்புங்கன்னா "அன்னிக்கு கேஷுவாலிட்டிய யார் பாக்கறது"ன்னு நிர்வாகம் கேக்குது. கேள்வி நியாயம் தான், ஆனா அதுக்கு பதில் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்கு, ட்ரெய்னி தலைல கட்டக்கூடாது. தேசிய போர்டு அங்கீகாரம் கொடுக்கும்போதே ரெண்டு விஷயத்தைக் கண்டிப்பா கேக்கணும்னு நான் நினைக்கறேன். மூணு வருஷமும் ஒரே கிளினிக்ல வாரத்துக்கு ஒரு நாள், ட்ரெய்னி பேர்லயே ஐம்பது அறுபது குடும்பம், லாக் புக்ல எத்தனை சிசேரியன் பாத்தாங்கன்னு எழுதற மாதிரி எத்தனை குடும்பத்தை மூணாவது வருஷமும் பாத்தாங்கன்னு எழுதணும். அடுத்தது, கைடா இருக்கறவங்கள்ல ஒருத்தராவது வெளில உக்காந்து தினமும் பேஷண்ட் பாக்கற ஃபேமிலி டாக்டரா இருக்கணும், ஆஸ்பத்திரில அப்படி ஆளு இல்லன்னா ஏரியால இருக்கற நல்ல ஜிபி ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு, அவருக்கு ஆசிரியர்னு பேரும் அதுக்கு சம்பளமும் கொடுத்து சேத்துக்கணும். பெங்களூர்ல முப்பது நாப்பது வருஷமா ஒரே தெருவுல உக்காந்திருக்கற டாக்டருங்க இன்னும் இருக்காங்க, அவங்க போர்டைக் கழட்டறதுக்குள்ள அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு ட்ரெய்னிய உக்கார வைக்கணும்.